காதால் படித்த பாறை

மத்தியப் பிரதேசத்திலோ ராஜஸ்தானிலோ ஏதோ ஒரு காட்டோரத்தில் போர்வெல் ஓடிக்கொண்டிருந்தால், அந்த வண்டியின் பக்கவாட்டை ஒருமுறை பாருங்கள். பதிவெண் கர்நாடகமாக இருக்கும். பெயர் முருகனுடையதாகவோ அர்த்தநாரீஸ்வரருடையதாகவோ இருக்கும். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர்: திருச்செங்கோடு. நாமக்கல் மாவட்டத்து இந்த ஊரிலிருந்து கிளம்பிய ரிக் வண்டிகள் துளை போடாத மாநிலம் அநேகமாக இல்லை. ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறியிருக்கின்றன. வண்டி கட்டும் பட்டறை, ராடு கடையும் லேத்து, தேய்ந்த பிட்டைத் தீட்டிக் கொடுக்கும் கடை, கம்ப்ரசர் மெக்கானிக் எல்லாமே ஒரே ஊருக்குள் கிடைக்கும். காவிரி அதிக தூரமில்லாமல் ஓடியும் தண்ணீர் ஏறாத மேட்டுக்காடு இது. பாறையைக் குடைந்தால்தான் பிழைப்பு என்று இருந்த ஊர், குடைவதையே பிழைப்பாக்கிக்கொண்டது.

இந்தத் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பதினெட்டு வயதில் வண்டியில் ஏறுகிற பையன் முதலில் ராடு தூக்குவான், டீசல் ஊற்றுவான், சோறாக்குவான். இரண்டு மூன்று வருடம் போனால் லீவரைத் தொட விடுவார்கள். அண்ணன் ஒருவர் பக்கத்தில் நின்று, "சத்தத்தைக் கேளுடா, கையைப் பார்க்காதே" என்பார். அவ்வளவுதான் பாடத்திட்டம். ஒரு நாள் அவன் டிரில்லர் ஆகிவிடுவான். பரீட்சை, சான்றிதழ் எதுவும் நடுவில் வராது.

அமெரிக்காவில் கதை வேறு. டெக்சஸ் மாநிலத்தில் கிணறு துளைப்பவருக்கு உரிமம் உண்டு; அதைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் 4 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும், அதில் ஒரு மணி நேரம் சட்டம். புளோரிடாவில் இரண்டு ஆண்டுக்கு 12 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் உரிமமே மூன்று படியாக இருக்கிறது. ஒரே ஒரு நீர்த்தாங்கியை, அதாவது தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் நிலத்தடி அடுக்கை, துளைக்க முதல் வகுப்பு, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல நீர்த்தாங்கிகளைத் துளைக்க இரண்டாம் வகுப்பு, தானே பீறிட்டு வரும் அழுத்த நீரைத் துளைக்க மூன்றாம் வகுப்பு.

இருபது வருடமாகத் துளை போட்டுவரும் ஒருவரை வருடாவருடம் பெஞ்சில் உட்காரச் சொல்வது முதல் பார்வைக்கு வேடிக்கையாகத்தான் தெரியும். சேலம், நாமக்கல் சமவெளிக்கு அடியில் கிடக்கும் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. போன வருடம் இருந்தது போலவேதான் இந்த வருடமும் இருக்கிறது. இதில் புதிதாகப் படிக்க என்ன வந்துவிடப் போகிறது?

காதால் கற்றுக்கொண்டது எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். அது சாதாரணப் படிப்பல்ல.

ரிக் வண்டியின் உயிர் அதன் கம்ப்ரசர். அழுத்திய காற்று உள்ளே குழாயாக இருக்கும் ராடு வழியே அடிவரைக்கும் இறங்குகிறது. அடியில், பிட்டுக்கு நேர் மேலே ஹேமர். அதற்குள்ளிருக்கும் பிஸ்டன் காற்றின் வேகத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் பிட்டின் தலையில் அடிக்கும். பிட்டின் முகத்தில் பதித்திருக்கும் டங்ஸ்டன் கார்பைடு பொத்தான்கள் பாறையை அறுப்பதில்லை, நொறுக்குகின்றன. ஒவ்வொரு அடிக்கும் பொத்தான் புது இடத்தில் விழ வேண்டுமே, அதற்காகத்தான் ராடு மெதுவாகச் சுழல்கிறது. அடித்த காற்று பிட்டின் துளை வழியே வெளியேறி, நொறுங்கிய பொடியை அள்ளிக்கொண்டு, ராடுக்கும் குழிச்சுவருக்கும் நடுவிலிருக்கும் சந்தில் பேருந்து வேகத்தில் மேலே வருகிறது. நாம் பார்க்கும் புகை அதுதான்.

அடி எங்கே விழுகிறதோ அங்கேயே ஹேமரையும் வைத்ததுதான் இதிலுள்ள சூட்சுமம். மேலிருந்து தட்டினால் நூறு அடி ராடு வழியே போவதற்குள் பாதி பலம் தொலைந்துவிடும். இந்த முறை 1950களில் பிறந்தது. 1960களின் பிற்பகுதியில் பீகார் பக்கம் வறட்சி வாட்டியபோது யுனிசெஃப் இத்தகைய காற்று ஹேமர் ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதுவரை கருங்கல்லில் ஒரு துளைக்கு வாரக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ஒரு நல்ல வண்டி ஆயிரம் அடியை ஓரிரவில் முடித்துவிட்டு, விடியும் முன் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

டிரில்லர் லீவர்களுக்கு முன்னால் நிற்கிறார். ஆறரை இஞ்சுக் குழி அவர் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது. சத்தம் கணீரென்று இருந்தால் முழுப்பாறை. மட்டமான தொம் தொம் என்றால் இளகிய பாறை. திடீரென்று ராடு அரை அடி சும்மா இறங்கி, சத்தம் ஒரு கணம் அறுந்து மறுபடி பிடித்தால், பாறையில் வெடிப்பு. அவர்கள் பேச்சில் "கேப்". உடனே கண் புகையின் பக்கம் திரும்பும். வெள்ளைப் பொடி சாம்பலாகும், சாம்பல் ஈரமாகும், பொடி பறப்பது நின்று உருண்டை உருண்டையாக விழும். ஒரு கையளவு எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பார். "கேப் அடிச்சிருச்சுங்க, ஈரம் காட்டுது. இன்னும் ரெண்டு ராடு பார்க்கலாங்களா?" தோட்டத்துக்காரர் இருட்டில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ராடு எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு ராடு இருபது அடி. கூலி அடிக்கணக்கு; ஆழம் போகப் போக அடிக்கான விலையும் ஏறும். அதனால் ஒவ்வொரு ராடுக்கும் ஒரு கல்லை எடுத்து வரப்பில் வைப்பவர்களும் உண்டு.

இவர்களுக்குக் கிடைத்த பாறையும் லேசுப்பட்டதல்ல. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் சார்னோகைட். சமவெளியில் வரிவரியாக நைஸ் பாறை. சேலத்தை ஒட்டிய சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக்கல் என்கிற மாக்னசைட். அந்தப் பக்கத்துத் தண்ணீரில் மக்னீசியம் கலந்து சோப்பு நுரைக்காது. கஞ்சமலையில் இரும்புத் தாது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் இருக்கும் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுப்பகுதிப் பாறைக்கு ஒப்பானது. அதைப் பொடியாக்கித்தான் இஸ்ரோ சந்திரயான் இறங்கு கலத்தைப் பரிசோதிக்க நிலவு மண் செய்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அதற்குத் துணை நின்றார்கள். ராக்கெட்காரர்கள் தேடி வந்த கல்லின் மீது நம் ஊர் டிரில்லர்கள் பிட் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வரும்.

ஆக, பாறை விஷயத்தில் டிரில்லருக்கு நாம் சொல்லித்தர அதிகமில்லை. சங்கதி தண்ணீரில் இருக்கிறது. பாறை மாறவில்லை, அதற்குள்ளிருக்கும் தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரின் கணக்கு காதுக்குக் கேட்காது.

முதலில், நம் பாறைக்குள் இடம் எவ்வளவு? ஆற்று மணலில் மொத்தக் கன அளவில் ஐந்தில் ஒரு பங்காவது வெற்றிடம் இருக்கும். நம் மேல்மண்ணுக்குக் கீழே இருக்கும் சிதைந்த பாறையிலிருந்து வடித்து எடுக்கக்கூடிய தண்ணீர் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்குதான். அதற்கும் கீழே முழுப்பாறையில் வெடிப்புகளில் மட்டும், அதுவும் ஒரு பங்குக்கும் கீழே. இதில் ஒரு விந்தை உண்டு. ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கினால் 80 மில்லிமீட்டர், ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஆனால் பாறையில் நூற்றுக்கு இரண்டு பங்குதானே இடம்? அந்த 80 மில்லிமீட்டர் உள்ளே போய் 4 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். ஒரு நல்ல மழைக்காலத்தில் கிணறு பதின்மூன்று அடி ஏறுவது இதனால்தான். ஏறியதைப் பார்த்து, அடியில் கடலே இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும். அதற்கு முன் "இஞ்சு" கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். "ஒரு இஞ்சு தண்ணி", "ரெண்டு இஞ்சு தண்ணி" என்று தோட்டத்தில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முறையாக அளப்பவர்கள் வி வடிவத்தில், செங்கோணமாக வெட்டிய தகட்டின் வழியே தண்ணீரை வழியவிட்டு, வெட்டின் அடியிலிருந்து நீர்மட்டம் எத்தனை இஞ்சு என்று பார்ப்பார்கள். ஒரு இஞ்சு என்றால் மணிக்குச் சுமார் 510 லிட்டர். இரண்டு இஞ்சு என்றால் ஆயிரத்துச் சொச்சம்தானே என்று மனம் சொல்லும். இல்லை, கிட்டத்தட்ட 2,900 லிட்டர். மூன்று இஞ்சு 8,000 லிட்டர். உயரம் ஏறும்போது வெட்டின் அகலமும் ஏறுகிறது, தண்ணீரின் வேகமும் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து உயரத்தின் இரண்டரை மடிப் பெருக்கமாகிவிடுகிறது. ஒன்றரை இஞ்சை இரண்டு இஞ்சு என்று கண்ணளவில் சொல்லிவிட்டுப் போனால், இருப்பதைப் போல இரண்டு மடங்குக்குச் சொன்னதாகிவிடும். அதை நம்பி மோட்டார் வாங்குகிறவர் பெரிய மோட்டாரை இறக்குவார். மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகும்.

இப்போது ஒரு ஏக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 80 மில்லிமீட்டர் இறங்கினால் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சத்து 24 ஆயிரம் லிட்டர். இரண்டு இஞ்சு போரை நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 23 ஆயிரம் லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு வருட மழை சேர்த்த சொத்து பதினான்கே நாளில் காலி. மிச்சம் 351 நாளும் பக்கத்துக் காட்டுத் தண்ணீரையோ, அப்பன் பாட்டன் காலத்துத் தண்ணீரையோதான் எடுக்கிறோம். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பல பிர்காக்கள் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீட்டில் அளவுக்கு மீறி எடுக்கும் பட்டியலில் இருப்பதற்குப் பின்னால் இந்த எளிய வகுத்தல் கணக்குதான் இருக்கிறது.

தண்ணீர் இறங்கினால் கூடவே போரும் இறங்குகிறது. தாத்தா காலத்தில் அறுபது அடிக் கிணறு. அப்பா அதற்குள்ளேயே பக்கவாட்டில் "சைடு போர்" போட்டார். பிறகு முந்நூறு அடி, அறுநூறு அடி. இன்றைக்கு ஆயிரம் அடி என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஆயிரம் அடியில் மேலே இருக்கும் பாறையின் எடை ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 80 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் படுத்த வெடிப்புகள் வாய் மூடிக்கொள்ளும். ஆழம் போகப் போக வெடிப்புகள் அரிதாகும், இருப்பவையும் இறுகும். கெட்டிப்பாறைப் பகுதிகளில் நல்ல நீர் பெரும்பாலும் முதல் முந்நூறு அடிக்குள்தான் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. ஆழத்திலும் அபூர்வமாக நல்ல கேப் கிடைக்கும். அந்த ஒரு தோட்டத்துக் கதையை ஊரே பத்து வருடம் பேசும். வறண்டு போன பத்துத் துளைகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரின் புகழும் இப்படி வளர்ந்ததுதான் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியென்றால் ஆழமான போரில் தண்ணீர் வருகிறதே, எப்படி? சில போர்களின் வாயில் காதை வைத்தால் உள்ளே அருவி கொட்டுவது கேட்கும். கேட்பவர் மகிழ்ந்துபோவார். நிலத்தடி நீரியல் தெரிந்தவருக்குச் சங்கடமாக இருக்கும். மேலே நூறு அடியில் இருக்கும் வெடிப்பிலிருந்து தண்ணீர் வழிந்து, ஐநூறு அடிக்குக் கீழே போய்விட்ட நீர்மட்டத்தில் விழும் சத்தம் அது. நம் பக்கத்தில் கேசிங் பைப்பை மண்ணும் இளகிய பாறையும் முடியும் வரைதான் இறக்குவோம். அதற்குக் கீழே வெறும் பாறைக் குழி. எனவே ஒவ்வொரு ஆழ்துளையும் மேலடுக்குத் தண்ணீரைக் கீழடுக்குக்கு இறக்கிவிடும் புதுப்பாதை. பக்கத்துக் காட்டுக் கிணற்றுக்கு வர வேண்டியதும் அந்த வழியாக இறங்கிவிடும். ஆயிரம் அடிக்குப் போனவர் புதுத் தண்ணீரைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, பழைய தண்ணீருக்குக் கீழே போக வழி வெட்டிக் கொடுத்தார் என்பதே பல இடங்களில் பொருத்தம். ஆஸ்திரேலியாவில் பல நீர்த்தாங்கிகளைத் துளைப்பவருக்குத் தனிப்படி உரிமம் ஏன் என்பது இங்கே புரியும்.

இதைத் தோட்டத்துக்காரரிடம் சொல்ல வேண்டியவர் யார்? வண்டி பிடித்துக் கொடுத்த ஏஜெண்டுக்குக் கமிஷன், வண்டிக்கு அடிக்கூலி, கடன் வாங்கி நிற்பவருக்கு அடுத்த ராடில் வந்துவிடாதா என்ற ஆசை. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த இடத்தில் நிற்கும் மூன்று பேரில் நிறுத்தச் சொல்ல யாருக்கும் காரணமில்லை.

மேலடுக்குத் தண்ணீரும் கீழடுக்குத் தண்ணீரும் கலக்கிறது என்று வந்தபின் தரத்தையும் பார்க்க வேண்டும். மேலடுக்குத் தண்ணீரில் உரமும் சாணமும் கோழிக்கழிவும் கரைந்து இறங்கிய நைட்ரேட் இருக்கலாம். கீழடுக்குத் தண்ணீர் பாறையோடு நீண்ட காலம் ஒட்டிக் கிடந்தது. கருப்பு அபிரகம், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடை வாங்கிக்கொண்டிருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் பல் கறைபடும், எலும்பு இறுகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தச் சிக்கல் முற்றியதால்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. சேலம், நாமக்கல் பகுதியிலும் ஃபுளோரைடு கூடுதலான ஊர்கள் உண்டு. நாக்குக்கும் மூக்குக்கும் ஃபுளோரைடு தெரியாது. "தண்ணி கற்கண்டாட்டம் இருக்குதுங்க" என்று டிரில்லர் வாயில் ஊற்றிப் பார்த்துச் சொல்வதற்கு இந்த விஷயத்தில் மதிப்பே கிடையாது.

அடுத்தது கேசிங் பைப்பைச் சுற்றியிருக்கும் சந்து. என்னைக் கேட்டால் முதல் வகுப்பை இதற்குத்தான் ஒதுக்குவேன். பெரிய பிட்டால் மண்ணைத் துளைத்து, அதற்குள் சிறிய பைப்பை இறக்கும்போது பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு வளையச் சந்து விழும். வெளிநாட்டு உரிம வகுப்புகளில் மணிக்கணக்கில் பேசப்படுவது இந்தச் சந்தைப் பற்றித்தான். அங்கே அதைச் சிமெண்டுக் குழம்பாலோ, நனைந்தால் பல மடங்கு உப்பும் பெண்டோனைட் களிமண்ணாலோ, அடியிலிருந்து மேலாக நிரப்பியாக வேண்டும். நம் ஊரில் வெளியே கிடக்கும் பாறைப்பொடியைக் காலால் தள்ளி மூடிவிட்டு வண்டி கிளம்பிவிடும். முதல் பெருமழைக்குப் பொடி அமுங்கும். தொட்டித் தண்ணீரும் மாட்டுக்கொட்டகைக் கழிவும் பைப்பின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே இறங்கும். நூற்றுக்கணக்கான அடி மண்ணும் பாறையும் வடிகட்டித் தர வேண்டிய தண்ணீருக்கு நாமே குறுக்குவழி போட்டுக் கொடுத்துவிடுகிறோம். இதைத் தடுக்க ஆகும் செலவு மொத்த போர் செலவில் துளி. நேரம் ஒன்றிரண்டு மணி. ஆழ்துளைக் கிணறு கட்டும் முறைக்கு இந்தியாவிலேயே ஐ.எஸ். 2800 என்ற தரக்குறிப்பு இருக்கிறது. வண்டியில் அதைப் பார்த்தவர் அரிது.

தோற்றுப்போன துளையை மூடுவதும் படிப்புதான். தண்ணீர் வராவிட்டால் கேசிங் பைப்பை உருவிக்கொண்டு போவது வழக்கம். பைப்புக்கு விலை உண்டு, குழிக்கு இல்லை. பைப் போனதும் மேல்மண் சரிந்து வாய் அகலும். அதன்மேல் ஒரு சாக்கோ பலகைக்கல்லோ வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரி 11 அன்று, பிறகு ஆகஸ்ட் 6 அன்று திருத்தி, இதற்கு நெறிமுறை வகுத்தது. துளை போடுவதற்கு 15 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும், துளைக்கும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும், வேலை நடக்கும் இடத்தில் முகவரிப் பலகையும் வேலியும் வேண்டும், பைப்பைச் சுற்றிச் சிமெண்டு மேடை வேண்டும், கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல்லால் நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-ல் நீக்கப்பட்டது. ஊராட்சிப் பகுதிகளுக்குக் கிணறு தோண்டுவதை ஒழுங்குபடுத்தும் விதிகள் 2015-ல் வந்தன. அனுமதியும் பதிவும் கட்டாயமாயின.

2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிட்ட துளைக்குள் விழுந்தது. பக்கத்தில் இணைக்குழி தோண்டினார்கள். பெரிய பெரிய ரிக்குகள் வந்தன. இதே வகைக் கெட்டிப்பாறை ஒவ்வோர் அடிக்கும் மணிக்கணக்கில் மறித்தது. 29-ஆம் தேதி அதிகாலை உடலைத்தான் எடுக்க முடிந்தது. விதிகள் அப்போதும் இருந்தன. துளை போட்டவர்களுக்குப் பதிவு எண் கொடுப்பது ஒன்று. களிமண்ணை எந்த வரிசையில், எப்படி இடித்து நிரப்பினால் பத்து வருடம் கழித்தும் அமுங்காது என்று கையில் எடுத்துக் காட்டுவது வேறொன்று. முதலாவதைத்தான் நாம் செய்திருக்கிறோம்.

இன்னொரு இழப்பு வெளியே தெரிவதில்லை. டெக்சஸில் கிணறு முடிந்ததும் எத்தனை அடியில் என்ன பாறை, எங்கே தண்ணீர், எவ்வளவு கேசிங் என்று டிரில்லர் எழுதி அரசிடம் தர வேண்டும். இந்தியாவின் ஆறாவது சிறுபாசனக் கணக்கெடுப்பில் பதிவான 2 கோடியே 31 லட்சம் பாசன ஏற்பாடுகளில் 2 கோடியே 19 லட்சம் நிலத்தடி நீரை எடுப்பவை. அத்தனையையும் தோண்டும்போது யாரோ ஒருவர் பொடியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். எழுதி வைத்திருந்தால், நிலத்தடி நீர் வாரியம் 2012-லிருந்து கோடிக்கணக்கில் செலவழித்து வரைந்துவரும் நீர்த்தாங்கி வரைபடத்தில் பாதியைத் திருச்செங்கோட்டு வண்டிகளே வரைந்து கொடுத்திருக்கும். பக்கத்துக் காட்டில் 280 அடியில் வெடிப்பு கிடைத்ததா, எந்தத் திசைக்குச் சாய்ந்தது என்று தெரிந்தவர் குருட்டுத்தனமாக ஆயிரம் அடிக்குப் போக மாட்டார்.

காதால் படித்த படிப்புக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு: அது காதையே தின்னும். வண்டிக்குப் பக்கத்தில் பேச வேண்டுமானால் காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டும். இந்த மாதிரி சத்தத்தில் வருடக்கணக்கில் நிற்பவருக்கு முதலில் போவது உயர்ந்த சுருதிகள். ஹேமரின் கணீர் ஓசையில் வரும் நுணுக்கமான மாற்றம் அந்தச் சுருதிகளில்தான் இருக்கிறது; அனுபவம் கூடக் கூடக் கருவி மழுங்குகிறது. பொடியின் கதை அதைவிட மோசம். தண்ணீர் காட்டும் வரை வருவது உலர்ந்த பாறைத்தூள், அதில் சிலிக்கா. நுரையீரலில் படிந்தால் வரும் சிலிக்கோசிஸுக்கு மருந்தில்லை. காற்றோடு கொஞ்சம் தண்ணீரைச் செலுத்தினால் தூசு அடங்கும். பொருத்தமான முகக்கவசம் விலை அதிகமில்லை. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்றுதான் அண்ணன்மார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தத் துண்டு நுண்தூளை நிறுத்தாது.

வகுப்பு நடத்த ஆளும் இடமும் இல்லாமலில்லை. பெரியார் பல்கலைக்கழகம் சேலத்திலேயே இருக்கிறது. வேளாண் பொறியியல் துறையிடம் மின்தடை முறையில் நிலத்தடி நீர் பார்க்கும் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவர்களும் உண்டு. சொந்தமாக ரிக்குகளும் உண்டு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மண்டல அலுவலகம் சென்னையில். மழைக்காலத்தில் வேலை குறைந்து வண்டிகள் பட்டறைக்கு வரும்போது நான்கு மணி நேரம் ஒதுக்குவது வண்டிக்காரர்களுக்குப் பெரிய பாரமாக இருக்காது. பதிவைப் புதுப்பிக்க அந்த நான்கு மணி நேரம் வேண்டும் என்று ஒரு வரி விதியில் சேர்ந்தால் போதும்.

ஒரே ஒரு சிக்கல், மொழி. இப்போது திருச்செங்கோட்டு வண்டிகளில் ராடு மாட்டுவதும் கேசிங் இறக்குவதும் பெரும்பாலும் சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்கள். பைப்பைச் சுற்றியிருக்கும் சந்தை எதால் நிரப்புவது என்று தெரிய வேண்டிய கை அவர்களுடையது. தமிழில் மட்டும் நடத்தினால் முதலாளியும் மேனேஜரும் கேட்டுவிட்டுப் போவார்கள். நிலத்தடி நீர்ப் பயிற்சிக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் ராஜீவ் காந்தி தேசியப் பயிற்சி நிறுவனம் இருப்பதோ ராய்ப்பூரில், அதாவது அந்தப் பையன்களில் பலர் ரயிலேறி வந்த சத்தீஸ்கரில். ஊருக்குப் போகும் விடுமுறையிலேயே வகுப்பை முடித்துக்கொண்டு திரும்பலாம்.